மூன்று சுழி

கல்லூரி நண்பனின் கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது என்று எங்கள் வாட்ஸப் குழுவில் மூன்று நாள் பேச்சு ஓடியது. ஏர் ஃப்ரையர் என்றான் ஒருவன். அவனுக்கு ஏற்கெனவே இரண்டு வந்துவிட்டதாக இன்னொருவன் துப்புக் கொடுத்தான். எதுக்குடா வம்பு, ஆளுக்கு ஆயிரம் போட்டு மொய்க் கவர் வைத்துவிடலாம் என்று மூன்றாமவன் முடித்துவைக்கப் பார்த்தான். அப்போதுதான் நான், கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாகவே, "நான் தனியா ஒண்ணு பண்றேன்" என்று எழுதினேன். பத்தமடைப் பாய். மணமக்களின் பெயரும் கல்யாணத் தேதியும் பாயிலேயே நெய்து வரும். கையால் செய்தது, அவர்களுக்கென்றே செய்தது, ஒரு சின்ன வீட்டில் செய்தது. ஏர் ஃப்ரையர்காரனின் வாயை அடைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தப் பாயை வாங்கியதில் ஒரு சிறு அயோக்கியத்தனம் செய்தேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் அங்கே வர முடியும்.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். திருநெல்வேலியிலிருந்து ஊருக்குப் போகும் பஸ் பத்தமடை வழியாக, சேரன்மகாதேவியைத் தொட்டுக்கொண்டு போகும். பள்ளி, கல்லூரி, வேலை என்று ஆயிரம் முறையாவது அந்த ஊரைக் கடந்திருப்பேன். ஒரு முறைகூட இறங்கியதில்லை. சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர், பாய்க்குப் பேர் போன ஊர், 1953இல் இங்கிலாந்து ராணி முடிசூட்டிக்கொண்டபோது இங்கிருந்து ஒரு பாய் போனதாம் என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அவ்வளவுதான் தெரியும். சென்னைக்கு வந்து, ஓ.எம்.ஆரில் பதினாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, கைவினைப் பொருட்களின் படங்களை இன்ஸ்டாகிராமில் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு என் பக்கத்து ஊர் கண்ணில் பட்டது.

அத்தை மகன் ஒரு நம்பர் கொடுத்தான். எடுத்தது ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும் என்று குரலை வைத்து நினைத்துக்கொண்டேன். அக்கா என்று கூப்பிட்டேன். அவர் தம்பி என்றார். 6,500 ரூபாய் விலை சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, "கொஞ்சம் சேத்துத் தாரேன்க்கா, ரெண்டு வாரத்துல முடிச்சுத் தர முடியுமா?" என்பது. கூடுதல் காசு கொடுத்தால் எதுவும் வேகமாக வரும் என்று நம்பும் தொழிலில் இருக்கிறேன், என்ன செய்ய.

"காசு என்ன தம்பி செய்யும்? கோரை ஊறணும், காயணும். வெயில் நம்ம சொல்லுக்கா வருது?"

அதன் பிறகுதான் பாய் எப்படி வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைக்கிறார்கள். சாதாரணப் பாய்க்கு அது போதும். பட்டுப்போல் மடிகிற நயமான பாய்க்கு, அந்தக் கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைத்து, மறுபடியும் இழை இழையாகக் கீற வேண்டும். பிறகு பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாகக் கட்டி, தரையோடு தரையாக இருக்கும் தறியில், ஒவ்வொரு இழையாகக் குறுக்கே செலுத்தி நெய்ய வேண்டும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை போகிறது என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலை புரியும். எங்கள் பாய் தறியில் மட்டும் பன்னிரண்டு நாள் இருக்கும் என்றார். அவரும் அவர் தங்கையும் உட்காருவார்களாம்.

நான் உடனே மனக்கணக்குப் போட்டேன். நூல், சாயம், கோரை கழித்து, இரண்டு பேருக்குப் பிரித்து, பன்னிரண்டு நாளால் வகுத்தால் வருகிற தினக்கூலி, என் கம்பெனி என்னுடைய ஒரு மணி நேரத்தை அமெரிக்க வாடிக்கையாளருக்கு விற்கும் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது. இந்தக் கணக்கை எல்லோரும் போடுகிறோம். போட்டதும் ஒரு குற்றவுணர்வு வருகிறது, பேரம் பேசாமல் வாங்கியதில் அந்தக் குற்றவுணர்வு தீர்ந்துவிடுகிறது, அப்புறம் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி. நானும் பேரம் பேசவில்லை. திருப்தியும் வந்தது.

*

எமர்சன் 1844இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் பரிசுகளைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை இருக்கிறது. அதில் அவர் வைக்கும் நிபந்தனை கடுமையானது. கொடுப்பவன் தன்னில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும். கவிஞன் கவிதையைக் கொண்டுவரட்டும், ஆடு மேய்ப்பவன் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவரட்டும். கடைக்குப் போய் எதையோ வாங்கி வந்தால், அதில் இருப்பது உன் வாழ்க்கையும் திறமையும் இல்லை, பொற்கொல்லனுடையது என்கிறார். அவருக்கு அது உயிரற்ற காரியம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எமர்சன் சொல்கிறபடி பார்த்தால் நான் என் நண்பனுக்கு என் கையால் செய்து தரக்கூடியது ஒரு கல்யாண வெப்சைட்தான். அதை அவனே செய்துகொள்வான், அவனும் இதே தொழில்தான். ஆனால் அவர் கேள்வி கையால் செய்த பரிசுகள் விற்கும் இடத்தை நேராகக் குத்துகிறது. 'கையால் செய்தது' என்று சொல்லி நான் கொடுக்கும்போது, அது யாருடைய கை? பன்னிரண்டு நாள் குனிந்திருந்தது அவருடைய முதுகு. அந்த அன்பளிப்பின் நன்றி எனக்கு. நண்பன் என்னைக் கட்டிக்கொள்வான், "மச்சி, எவ்வளவு யோசிச்சுப் பண்ணிருக்க" என்பான். நான் யோசித்தது பத்து நிமிடம். நெய்தவருடைய உழைப்பை என் அன்பாக மாற்றிக் கொடுப்பதற்கு 6,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

தோர்ஸ்டெயின் வெப்லன் இன்னும் இரக்கமில்லாதவர். 1899இல் வந்த புத்தகத்தில், கையால் அடித்த வெள்ளிக் கரண்டியையும் இயந்திரத்தில் செய்த அலுமினியக் கரண்டியையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். சாப்பிட இரண்டும் ஒன்றுதான். ஆனால் கையால் செய்ததில் உள்ள சின்னச் சின்னக் கோணல்களே அதற்கு மதிப்பாகிவிடுகின்றன. ஏனென்றால் அந்தக் கோணல், இதற்கு நிறைய உழைப்பு விரயமாகியிருக்கிறது, அதை வாங்க என்னால் முடிகிறது என்று ஊருக்குச் சொல்கிறது. ஏர் ஃப்ரையர்காரனின் வாயை அடைக்க வேண்டும் என்று நான் நினைத்தேன் இல்லையா, அதை வெப்லன் நூற்று இருபத்தைந்து வருடம் முன்பே பார்த்துவிட்டார்.

ஆனாலும் இவர்கள் இருவரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது என்று தோன்றுகிறது. இருவரும் பரிசைக் கொடுப்பவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கிறார்கள். செய்தவர் அங்கே ஒரு தொழில்பெயராக மட்டும் வருகிறார். பொற்கொல்லன், அவ்வளவுதான். பெயர் நெய்த பாயில் அவருக்கு என்ன பங்கு என்பது, பிழை ஒன்று வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

*

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கூரியர் வந்தது. ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்கு மடித்திருந்தார்கள். பிரித்தால் ஆளுயரப் பாய். கோரையின் வாசம் அறை முழுக்கப் பரவியது. பாட்டி வீட்டுப் பரணை நினைத்துக்கொண்டேன். கரும்பச்சைக் கரை, நடுவே இரண்டு பெயர்கள். மணமகளின் பெயரில் மூன்று சுழி 'ண' வர வேண்டும். இரண்டு சுழி 'ன' நெய்யப்பட்டிருந்தது.

போன் செய்தேன். கோபப்படவில்லை. கோபப்படாமல் பேசும் பயிற்சி எங்கள் அலுவலகத்தில் தருகிறார்கள், அது கோபத்தைவிட மோசமாக இருக்கும். "பாய் ரொம்ப நல்லா வந்திருக்குக்கா. ஆனா பேர்ல எழுத்துப் பிழை இருக்கே. கல்யாணத்துக்குக் கொடுக்குறது, தப்பா எப்படிக் கொடுக்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீங்க போன்ல அனுப்புனதப் பாத்துத்தான் தம்பி போட்டோம்" என்றார். பிறகு அவரே, "சரி, பிழையா இருந்தா பிழைதான. புதுசு போட இப்ப நாளு கிடையாது. முகூர்த்த மாசம், கைல நாலு ஆர்டர் நிக்குது. பாதிக் காசத் திருப்பித் தாரேன், மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். மாலையில் அவர் மகனின் ஜிபேயிலிருந்து 3,000 ரூபாய் வந்தது.

இரவு அந்த உரையாடலை மேலே தள்ளிப் பார்த்தேன். பெயரை அனுப்பியது நான். போனில் ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் மாற்றித் தரும் விசைப்பலகை அது. முதலில் வந்த சொல்லைத் தொட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு சுழி 'ன'. கீழே, "செக் பண்ணிட்டேன், கன்ஃபர்ம்" என்று ஒரு கட்டைவிரலும்.

அந்த ராத்திரியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பணத்தைத் திருப்பி அனுப்ப இரண்டு நிமிடம் ஆகாது. நான்கு நாள் ஒன்றும் செய்யவில்லை.

அந்த நான்கு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டவை நேர்த்தியான வாதங்கள். அவர்களே ஒத்துக்கொண்டார்கள். தமிழ் தெரிந்தவர்கள்தானே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எவ்வளவானாலும் பிழையோடு இருக்கும் பாய்க்கு முழு விலை எப்படி? இதில் கடைசி வாதம்தான் நான் மிகவும் நம்பியது. பிழை பாயில் இருக்கிறது, ஆகவே பாயின் விலை குறைகிறது என்பது. மென்பொருளில் இதை நாங்கள் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டோம். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததைத்தான் கட்டினோம், மாற்ற வேண்டுமென்றால் அது புது வேலை, புது பில் என்று மெயிலில் ஆதாரத்தோடு அனுப்புவோம். 'கன்ஃபர்ம்' என்ற ஒரு சொல்லுக்காக எத்தனை வாடிக்கையாளர்களிடம் சண்டை பிடித்திருக்கிறேன். அதே சொல்லை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன வருடம் பெரிய ஆன்லைன் கடை ஒன்றில் வாங்கிய ஹெட்போனை நானே கீழே போட்டுவிட்டு, 'சேதமடைந்து வந்தது' என்ற பொத்தானைத் தட்டிப் பணம் திரும்ப வாங்கினேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். இப்போது ஏன் தூங்க முடியவில்லை? பொய் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கான்ட்டிடம் போய் நின்றால் பொய்யை யாரிடம் சொன்னாய் என்று கேட்கவே மாட்டார், பொய் பொய்தான். எனக்கும் அதை மறுக்க வழியில்லை. ஆனால் அந்த 3,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நானே வகுத்துப் பார்த்த கணக்கு அது. ஆறு நாள் குனிந்த முதுகு. ஹெட்போன் பணம் எந்தப் பைக்குள்ளிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகவேதான் அந்தப் பொத்தான் அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அது போன்ற பொத்தான்களை வடிவமைத்துச் சம்பாதிக்கிறவன் சொல்கிறேன்.

சின்னக் கடையில் வாங்குவது அறம் என்று இதற்கு அர்த்தமில்லை. சின்னக் கடைகளிலும் உட்காரவிடாமல் பத்து மணி நேரம் பெண்களை நிற்கவைத்திருக்கிறார்கள், கைத்தறி என்று சொல்லி விசைத்தறியை விற்கிறார்கள். அளவு சின்னதாக இருப்பதால் யாரும் யோக்கியராகிவிடுவதில்லை. என் விஷயத்தில் நடந்தது வேறு. பெரிய கடை என் சின்ன அயோக்கியத்தனங்களை மொத்தமாக விழுங்கிச் செரித்துவிடுகிறது. சின்ன இடத்தில் அது ஒருத்தர் மேல் போய் விழுகிறது, விழும் சத்தம் கேட்கிறது.

பெயர் போட்ட பொருள் என்றால் இன்னும் அதிகம். பெயரில்லாத பாயை நான் வேண்டாமென்று திருப்பியிருந்தால் அவர் அதை மறுநாளே வேறு யாருக்காவது விற்றுவிடலாம். இரண்டு பெயரும் ஒரு தேதியும் விழுந்த நொடியில் அந்தப் பாய்க்கு உலகத்தில் இருக்கிற ஒரே கிராக்கி நான்தான். 'உங்களுக்கென்றே செய்தது' என்று விளம்பரங்கள் சொல்வதை வாங்குகிறவரின் பெருமையாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். செய்கிறவரின் பக்கமிருந்து பார்த்தால் அது பெரிய துணிச்சல். முகம் பார்க்காத ஒருவனை நம்பி, வேறு யாருக்கும் விற்க முடியாத ஒன்றில் பன்னிரண்டு நாளைப் போடுவது. அந்தத் துணிச்சலுக்கு நான் விலை கொடுக்கவே இல்லை. அது விலைப்பட்டியலிலேயே கிடையாது.

இன்னொன்று. கையால் செய்ததுதான் வேண்டும் என்று கேட்கும் நாம், கைக்கு இருக்கிற எதையும் பொறுத்துக்கொள்வதில்லை. கை தாமதிக்கக் கூடாது, கை பிசகக் கூடாது. கோரை காய வெயில் வேண்டும் என்பது இன்ஸ்டாகிராம் குறிப்பில் அழகாக இருக்கிறது, நம் கல்யாணத் தேதிக்குக் குறுக்கே வராத வரை.

*

ஐந்தாம் நாள் கூப்பிட்டேன். முதலில் பணத்தை அனுப்பிவிட்டுத்தான் கூப்பிட்டேன், நேராகச் சொல்ல வாய் வராதோ என்ற பயத்தில். "அக்கா, தப்பு என் மேலதான். நான்தான் தப்பா அனுப்பிருக்கேன். அன்னிக்கு ராத்திரியே பாத்துட்டேன், சொல்லாம இருந்துட்டேன்."

"தெரியும் தம்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க பேசி முடிச்ச ஒடனே மகன் போன எடுத்துக் காட்டுனான். 'உம்மா, அவர் அனுப்புனதுதாம்மா இது, காசு குடுக்காத'ன்னு ஒரே சத்தம்."

"அப்புறம் ஏன்க்கா அனுப்புனீங்க?"

"கல்யாணச் சாமான் பாத்தீங்களா. சண்ட போட்டு அனுப்புனா நல்லாருக்குமா? ரெண்டு பேரு உக்காரப் போற பாயி." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "காசு வந்துட்டு. மகன்ட்ட சொல்லுதேன், அவன் ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுருக்கான்" என்றார்.

மார்செல் மோஸ் 1925இல் பரிசைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், மாவோரிகளின் 'ஹவ்' என்ற கருத்தை எடுத்துப் பேசுகிறார். ஒரு பொருள் கைமாறும்போது கொடுத்தவரின் உயிர்ப்பில் கொஞ்சம் அதோடேயே போகிறது, அதனால்தான் வாங்கியவர் திருப்பிச் செய்யக் கடமைப்படுகிறார் என்பது. பின்னால் வந்த மானுடவியலாளர்கள் அவர் அதைப் புரிந்துகொண்ட விதத்தோடு நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். நம் மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு திருப்பிச் செய்யும் கடமையை விளக்க ஹவ் தேவையில்லை, கார்பன் பேப்பர் வைத்து எழுதிய ஆதாரமே இருக்கிறது. ஆனால் பத்தமடை அக்கா சொன்னது மொய் நோட்டில் வராது. பாயோடு எது போகலாம், எது போகக் கூடாது என்று அவருக்கு ஒரு தெளிவு இருந்தது. சண்டை போகக் கூடாது. அதைத் தடுக்க 3,000 ரூபாய் ஆகிறதென்றால் ஆகட்டும். எமர்சன் பொற்கொல்லனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்படியானால் அந்தக் கல்யாணத்துக்கு யார் என்ன கொடுத்தோம்? நான் 6,500 ரூபாய் கொடுத்தேன், அதிலும் நான்கு நாள் பாதியைப் பதுக்கிவைத்திருந்தேன். முகம் தெரியாத இரண்டு பேருக்காக அவர் கொடுத்தது என்ன என்று யோசிக்கிறேன். அவரைப் புனிதராக்கவும் விருப்பமில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது முதல்முறையாகப் பத்தமடையில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். தறிக்குப் பக்கத்தில் எனக்கு உட்கார விரித்தது பிளாஸ்டிக் பாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கழுவ லேசு தம்பி, பேரப்பிள்ளைய இருக்குல்லா" என்று சிரித்தார். மகளுக்கு நெய்யத் தெரியுமா என்று கேட்டேன். அவ எதுக்கு நெய்யணும், பி.எட். படிக்கா என்றார், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல.

கல்யாணத்தன்று அந்தப் பாயைத்தான் கொடுத்தேன், இரண்டு சுழியோடு. வரவேற்பு மேடையில் விளக்கம் சொல்ல நேரமில்லை. இரண்டு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது பாய் விரித்திருந்தது. நண்பன் எல்லோரிடமும் காட்டுவதுபோல எனக்கே காட்டினான். நான் முந்திக்கொண்டேன். பேரில் ஓர் எழுத்து தப்பு, நெய்தவர்கள் தப்பில்லை, நான் அனுப்பியதுதான் தப்பு என்று ஆரம்பித்து, 3,000 ரூபாய் வரைக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. மச்சி, இதெல்லாம் எதுக்குடா இப்ப என்பதுபோலப் பார்த்தான்.

அவன் மனைவி பாய் முன்னால் குனிந்து அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"ஆதார்லயும் ரெண்டு சுழிதான் போட்டிருக்காங்கண்ணா" என்றாள். "அத மாத்த நாலு தடவ அலைஞ்சாச்சு. அங்க ஒருத்தரும் தப்பு எங்களுதுன்னு சொல்லல."

பிறகு குழம்பு ஆறுகிறது என்று எங்களைக் கூப்பிட்டாள்.